கண்ணண்ணே நடந்து வர்ற நேரம்

உசிலம்பட்டி போகிற ரோட்டில், செக்கானூரணி தாண்டினால் வலது கைப் பக்கம் ஒரு பழைய நூல் மில் வரும். பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். அந்த மில்லில் கருத்தக்கண்ணன் இருபத்திரண்டு வருசம் எலெக்ட்ரீசியனாக இருந்தார். அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு அவர் கண்ணண்ணே. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, "கண்ணண்ணேய்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அத்தனை மெஷின் இரைச்சலிலும் அது அவருக்குக் கேட்டுவிடும்.

அந்தப் பக்கத்துக் கரண்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கரண்டு போவது வேறு, கரண்டு கண்ணடிப்பது வேறு. எங்கேயோ காற்றுக்கு ஒரு மரக்கிளை கம்பியில் உரசும், இல்லை ரெண்டு மைல் தள்ளி யாரோ ஒரு பெரிய மோட்டாரைப் போடுவார்கள். லைட்டு ஒரு தடவை மங்கி, உடனே பழையபடி எரியும். அரை நொடிகூட இருக்காது. வீட்டில் இருக்கிறவளுக்கு அது தெரியவே தெரியாது, ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மில்லில் அப்படியில்லை, மொத்த ஹாலும் செத்துப்போகும்.

முன்னாடி அப்படிக் கிடையாது. பழைய ஏற்பாட்டில் மோட்டார் லேசாகத் தள்ளாடிவிட்டு, பிறகு தன் பாட்டுக்கு ஓடும். பதினோரு வருசத்துக்கு முன்னால் முதலாளி ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு டிரைவ் வாங்கி மாட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது, கரண்டும் மிச்சம். நல்ல சாமான்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதுக்கு ரோசம் ஜாஸ்தி. அரை நொடி வோல்டேஜ் இறங்கிவிட்டால் போதும், 'போங்கடா நீங்களும் உங்க கரண்டும்' என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, சிவப்பு எழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வோல்டேஜ் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. ஆள் போய்ப் பட்டனை அமுக்கிச் சமாதானம் பண்ண வேண்டும்.

அந்த ஆள் கண்ணண்ணே. பஞ்சுத் திரியை இழுத்து மெலிசாக்குகிற மெஷின்கள் பன்னிரண்டு, ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்துத் தூணிலும் ஒரு பெட்டி. லைட்டு மங்கியதும் அவர் தன் ரூமிலிருந்து கிளம்பி வந்து, ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போவார். வேறு யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. அதில் மட்டும் அவர் பொல்லாத ஆள். "எவளாவது பெட்டியத் தொட்டீங்க, கை போயிரும் பாத்துக்கங்க!" என்று வைவார். உண்மையில் அந்தப் பட்டனைப் பச்சைப் பிள்ளை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. அது அவருக்கும் தெரியும். என்ன செய்வது, மனுசனுக்குத் தான் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது என்பதில் ஒரு சந்தோசம் இருந்தது.

அவர் நடந்து வருகிற அந்த நேரம் பெண்களுக்குக் கொடை. ஓடுகிற உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டு இறுகிப்போகும், அதைப் பிய்த்து எடுக்க வேண்டும். அதற்காக ஒருத்தி மெஷினை நிறுத்தினால் அவள் பேரில் ஒரு ஸ்டாப் ஏறும், மாசக் கடைசியில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் அதை வாசிப்பான். கரண்டு நிறுத்தினால் அது யார் பேரிலும் ஏறாது. அதனால் லைட்டு கண்ணடித்ததும் எல்லாரும் மூடியைத் திறந்து கையை விட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்தால் ஓடாது என்கிற ஏற்பாடெல்லாம் அந்தப் பழைய மெஷினுக்குக் கிடையாது. கண்ணண்ணே பக்கத்தில் வந்து, "கைய எடு தாயி" என்பார். எடுப்பார்கள், அமுக்குவார், ஓடும். பதினோரு வருசம் இப்படியே போனது, ஒருத்திக்கு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

எட்டாம் நம்பர் முத்துத்தாயோடது. கருமாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருசம். இசைவாணி என்று ஒரே மகள், ஐந்தாவது படிக்கிறாள். முத்துத்தாய் அவ்வளவாகப் பேச மாட்டாள், ஆனால் கையில் அப்படி ஒரு வேகம். அறுந்த திரியை அவள் ஒட்டுகிறதைப் பார்த்தால் எங்கே ஒட்டினாள் என்று நமக்குத் தெரியாது. "அவ வெரலுக்குக் கண்ணு இருக்குய்யா" என்று கண்ணண்ணே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருசம் மாசியிலிருந்து அவருக்கு முட்டி வலி. முதலில் வலது கால், அப்புறம் ரெண்டும். சம்சாரம் பாண்டியம்மாள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள், டாக்டர் மாத்திரை எழுதினார், ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஐம்பத்தாறு வயசில் முட்டி போய்விட்டது என்று வெளியே தெரிந்தால், ஆளை மாற்றிவிடுவார்களோ என்று பயம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆடி வந்தது, காற்று வந்தது. கரண்டு ஒரு ஷிப்டுக்கு நாலு தடவை கண்ணடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு பெட்டி. நாலாவது தடவை நடக்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். அந்த வரிசை அம்புட்டு நீளம் என்று அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒரு செட்டிங் இருந்தது. அதை மாற்றிவிட்டால் கரண்டு சரியானதும் டிரைவ் தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும், ஆளே போக வேண்டாம். பக்கத்திலேயே ஒரு முக்கோணம் போட்டு எச்சரிக்கையும் இருந்தது. பெட்டி விற்ற கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டுக் கேட்டார். "செய்யலாம் சார். ஆனா ஓடுறதுக்கு முன்னாடி அடிக்கிற மாதிரி ஒரு பெல் கட்டாயம் மாட்டிருங்க. பெல் இல்லாம ஆன் பண்ணாதீங்க" என்றான். கண்ணண்ணே அந்த வாரமே மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு பெல் வாங்கி வந்தார். வாங்கிவந்து மேசை டிராயரில் வைத்தார். அதை மாட்ட ஏணியில் ஏற வேண்டும். முட்டி கொஞ்சம் சரியாகட்டும், ஆடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

செட்டிங்கை மட்டும் தள்ளிப்போடவில்லை. பாவி மனுசன், அதை ஒரே நாளில் பன்னிரண்டிலும் மாற்றினார். கெட்டிக்கார வேலைதான் பார்த்தார். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் லைன் தாங்காது என்று, ஒன்றாம் நம்பருக்குப் பத்து வினாடி, ரெண்டுக்குப் பன்னிரண்டு, மூன்றுக்குப் பதினாலு என்று ஆளுக்கு ரெண்டு வினாடி தள்ளித் தள்ளி வைத்தார். எட்டாம் நம்பருக்கு இருபத்து நாலு.

டீ நேரத்தில் பெண்களைக் கூப்பிட்டு, "இனிமே கண்ணடிச்சாத் தானா ஓடிரும். யாரும் கைய விடாதீங்க, சூதானமா இருங்க" என்று சொன்னார். மானேஜர் சௌரிராஜனுக்குப் பரம சந்தோசம். மதுரையில் நெசவும் நூலுமாகவே இருந்த குடும்பம் அவருடையது, நூலைப் பற்றித் தெரியும், மோட்டாரைப் பற்றித் தெரியாது. "அண்ணே, நீங்க இவ்வளவு நாளா இதை ஏன் செய்யல?" என்று தோளைத் தட்டினார். கண்ணண்ணே வீட்டுக்குப் போய்ப் பாண்டியம்மாளிடம் அதை ரெண்டு தடவை சொன்னார்.

முத்துத்தாய் அன்றைக்கு லீவு. ஊரில் குலசாமிக்குக் கிடா வெட்டு, எட்டு நாள் கழித்துத்தான் வந்தாள். வந்த அன்றைக்குக் காலையில் கேட்டிலேயே அவரைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, சாமி கும்பிட்ட கறி. மதினிகிட்டக் குடுங்க" என்று ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். "எனக்கெதுக்கு தாயி இம்புட்டு?" என்று வாங்கிக்கொண்டார். கிடா எப்படி, கூட்டம் எப்படி என்று கேட்டார். அவளிடம் சொல்ல வேண்டிய ஒரே விசயத்தைச் சொல்லவில்லை. மறந்துபோனது. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவர் பிறகு நினைத்தார். கண்ணண்ணே சொல்லியிருப்பார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. கண்ணண்ணே தன் ரூமில், ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லைட்டு மங்கியது, எரிந்தது. ஹால் அடங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதே அவருக்கு அப்படி ஒரு சுகமாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினார். ஒன்று எழுந்தது. ரெண்டு. மூன்று. நாலு. தான் பெற்ற பிள்ளைகள் வரிசையாக எழுந்து நிற்கிற மாதிரி மனசு பூரித்தது. ஐந்து. ஆறு. ஏழு.

எட்டோடு சேர்ந்து ஒரு அலறல் வந்தது.

அவர் ஓடினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் அன்னக்கொடி அதற்குள் மெஷினை நிறுத்தியிருந்தாள், முத்துத்தாயைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தாள். வெள்ளைத் திரி அத்தனையும் சிவப்பு. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மிச்சம் எதுவும் கையாக இல்லை. முத்துத்தாய் அழவில்லை. அவரைப் பார்த்தாள். எதையோ கேட்க வந்தவள் மாதிரி பார்த்தாள், அப்படியே மயங்கிவிட்டாள்.

மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு விரலையும் எடுத்தாயிற்று.

மறுநாள் சௌரிராஜன் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். யாருடனோ தன் வீட்டுப் பாஷையில் போன் பேசிக்கொண்டிருந்தவர், அதை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். ராத்திரி தூங்காத முகம். "எல்லாத் தொழிலாளர்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. மேற்படி தொழிலாளி அதை மீறிக் கவனக்குறைவாகக் கையை விட்டார்" என்று டைப் அடித்திருந்தது.

"எல்லாருக்கும் சொன்னீங்கதானே அண்ணே?"

"சொன்னேன் சார்."

"அந்தப் பொண்ணுக்கும்?"

கருத்தக்கண்ணன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராயரில் கிடக்கிற பெல் ஞாபகம் வந்தது. "சொன்னேன் சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். அப்படியென்றால் எல்லாம் அவள் தப்பு என்று ஆகிவிடும், அவளுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது, வேலையும் போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போட்டார். பயம் வந்துவிட்டால் மனுசன் எம்புட்டுக் கீழே இறங்குகிறான் பாருங்கள்.

மூன்றாம் நாள் ஆப்பிளும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். முத்துத்தாய் தலையணையில் சாய்ந்திருந்தாள். கை முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு.

"வாங்கண்ணே" என்றாள். அவருக்கு அந்த வார்த்தையையே தாங்க முடியவில்லை.

"எப்படி தாயி... எப்படி ஆச்சு?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டுவிட்டார்.

"அதான் எனக்கும் புரியலண்ணே" என்றாள் அவள். "லைட்டு கண்ணடிச்சுச்சு. நான் மூடியத் தொறந்தேன். ஒண்ணாம் நம்பர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. சரி, அண்ணே வந்துட்டாரு, அந்தக் கோடியில இருந்து இங்க வர ரெண்டு நிமிசமாகும், இப்பல்லாம் மெதுவாத்தான நடக்குறாருன்னு நெனச்சேன். நீங்க வந்து 'கைய எடு தாயி'ன்னு சொல்லுவீங்கன்னுதாண்ணே கைய விட்டேன். நீங்க வரவே இல்லையே."

அவர் கையிலிருந்த பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "இந்தா வாரேன் தாயி" என்று வெளியே போனவர் திரும்ப உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார்.

அங்கிருந்து நேரே மில்லுக்குப் போனார். டிராயரைத் திறந்து, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காத பெல்லை எடுத்துக்கொண்டு போய் சௌரிராஜன் மேசையில் வைத்தார்.

"நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லல சார். அது லீவுல இருந்துச்சு. காலையில கேட்டுல பாத்தேன், அப்பவும் சொல்லல. இந்த பெல்ல மாட்டாம ஆன் பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்க, மாட்டல. அந்தக் கையெழுத்து பொய் சார்."

சௌரிராஜன் பெல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது மொத்தமா உங்க தலையில விழும். தெரியுமா?"

"விழட்டும் சார். அவ தலையில விழுந்திருக்கு இப்ப."

அந்த மனுசனைக் குறை சொல்லக் கூடாது. பழைய காகிதத்தைக் கிழித்தார், புதிதாக எழுதினார், தோளைத் தட்டி மெச்சியதால் தனக்கும் அதில் பங்கு உண்டு என்று தன் பேரையும் எழுதிக்கொண்டார். விசாரணைக்கு வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். எதற்காகச் செட்டிங்கை மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். "புரொடக்சனுக்காக" என்றார் கருத்தக்கண்ணன். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். முத்துத்தாய் மேல் தப்பில்லை என்று முடிவானது. அவளுக்குச் சேர வேண்டியது சேரும், கை ஆறியதும் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் உண்டு என்றார்கள். கருத்தக்கண்ணனை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு பெட்டியிலும் செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டு, சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். பாண்டியம்மாள் கழுவி வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது அந்தப் பிள்ளையோடது. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

குடுக்கப் போக அவருக்கு ஐந்து வாரம் ஆனது.

முத்துத்தாய் வீட்டில் ஒற்றை அறை. அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையின் கட்டைவிரலால் பூண்டைத் தரையோடு அழுத்திக்கொண்டு, இடது கை நகத்தால் கீறிக் கீறி எடுத்தாள். நழுவி ஓடியது. மறுபடி பிடித்தாள். அந்தக் கையையா விரலுக்குக் கண் இருக்கிறது என்று சொன்னோம் என்று நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கி, எதிரே தரையில் உட்கார்ந்தார். தூக்குச்சட்டியை நடுவில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லணும் தாயி. ஆபீசுல எல்லாஞ் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லல. எதுக்கு அதை மாத்துனேன்னு கேட்டாங்க, புரொடக்சனுக்குன்னு சொல்லிட்டேன். அது இல்ல. எனக்கு முட்டி வலி. அம்புட்டுத் தூரம் நடக்க முடியல. அதான் மாத்துனேன். அதுக்குப் போயி ஒன் கை..."

முத்துத்தாய் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்களுக்கு முட்டி வலின்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? நீங்க நொண்டுறது பன்னெண்டு பேருக்கும் தெரியும். மாசி மாசமே அன்னக்கொடி அக்கா ஒங்ககிட்டக் கேட்டுச்சே. 'நீங்க செரமப்பட்டு வராதீங்கண்ணே, பட்டன் எங்க பக்கத்துலதான இருக்கு, ஆளுக்கு ஒண்ணா நாங்களே அமுக்கிக்கிறோம்'னு. ஞாபகமிருக்கா?"

இருந்தது. அந்த நிமிசம்தான் ஞாபகம் வந்தது.

"பெட்டியத் தொட்டா கை போயிரும்னு வைஞ்சீங்க" என்றாள் முத்துத்தாய். "நாங்க யாரும் தொடலண்ணே."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் இன்னொரு பூண்டை எடுத்தாள்.

"கெளம்புங்கண்ணே. வாணி பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். அவ இன்னும் ஒங்க பேரைச் சொன்னா அழுகுறா."

"போறேன் தாயி" என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு தடவை பாதியில் நின்று மறுபடியும் உட்கார்ந்தார். அவர் படுகிற பாட்டைப் பார்த்து, முத்துத்தாய் சட்டென்று எழுந்து, பழக்கத்தில் வலது கையை அவருக்கு நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளும் அதைப் பார்த்தாள். முந்தானைக்குள் அதை இழுத்துக்கொண்டு, இடது கையைக் கொடுத்தாள்.

அதைப் பிடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினார்.